சாகும் நட்சத்திரங்களைச் சுற்றிய தூசு வட்டு: மட்டக்களப்பில் இருந்துகொண்டே ஆராயத் தொடங்குவது எப்படி

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகளுக்கும், படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் இரவில் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிற பழக்கம் விடாதவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தொலைநோக்கி வேண்டாம். இணைய வசதியுள்ள ஒரு போன், மடக்கை போடக்கூடிய ஒரு கல்குலேட்டர், நாலைந்து வரைபுத்தாள் இருந்தால் போதும். பைனாகுலர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்க முடிந்தால் கடைசிப் பகுதிக்கு உதவும். அகச்சிவப்பு வானியல் என்றதும் ஹவாயும் சிலியும் விண்வெளியும்தான் நினைவுக்கு வரும், நாங்கள் எங்கே அவர்கள் எங்கே என்று விட்டுவிடுவோம். ஆனால் அங்கே எடுத்த அளவீடுகளில் பெரும்பகுதி இலவசமாகத் திறந்து கிடக்கிறது, அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தால் அக்கரைப்பற்றில் இருப்பவருக்கும் அமெரிக்காவில் இருப்பவருக்கும் கையில் இருப்பது ஒரே எண்கள்தான்.

முதலில், எதைத் தேடுகிறோம்

சூரியனைப் போலவோ அதைவிடச் சில மடங்கு பெரிதாகவோ இருக்கிற நட்சத்திரம் (ஏறத்தாழ 8 சூரிய நிறை வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்) கடைசிக் காலத்தில் ஊதிப் பெருத்து, தன் வெளி அடுக்கைக் காற்றாக வெளியே வீசத் தொடங்கும். அந்தக் காற்று தூரம் போகப் போகக் குளிரும். குளிர்ந்த இடத்தில் சிலிக்கேற்றுத் துகளோ காபன் துகளோ படியும், நட்சத்திரத்தில் ஒட்சிசன் கூடவா காபன் கூடவா என்பதைப் பொறுத்து. வீசுவதற்கு அதிகம் மிச்சமில்லாத நிலைக்கு வந்த பிறகு மையம் சுருங்கிச் சூடாகும், சில ஆயிரம் ஆண்டுகளில் கோள்வடிவ நெபுலாவாகும் (வீசிய வாயு ஒளிர்கிற நிலை), பிறகு வெண்குறளியாக, அதாவது சின்னஞ்சிறு சூடான எச்சமாக அடங்கும். இதுதான் வழக்கமான பாதை, தனி நட்சத்திரமாக இருந்தால்.

கூட ஒரு துணை நட்சத்திரம் நெருக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் கதை வேறு. வெளியே போகிற பொருளில் ஒரு பகுதி தப்பிப் போகாமல், இரண்டு நட்சத்திரங்களையும் சேர்த்துச் சுற்றுகிற ஒரு தடித்த வளையமாக நின்றுவிடும். இதைத்தான் தூசு வட்டு என்கிறோம். பிறக்கிற நட்சத்திரங்களைச் சுற்றியும் இதே மாதிரி வட்டு உண்டு, கோள்கள் உருவாவது அதில்தான். இங்கே அதே வடிவம் வாழ்க்கையின் மறு முனையில் வந்து நிற்கிறது. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் விங்கெலும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்த வகையைப் பல ஆண்டுகளாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். 2022இல் வந்த பட்டியலில் எங்கள் பால்வீதியில் மட்டும் இப்படி 85 இருக்கின்றன. அவ்வளவுதான். ஆகவே புதிதாக வருகிற ஒருவர் இந்தத் துறையில் நெரிசலில் சிக்கமாட்டார்.

ஏன் அகச்சிவப்பு, ஏன் இங்கிருந்து முடியாது

அப்பச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி இருட்டில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாது, கையைக் கிட்டக் கொண்டுபோனால் சூடு அடிக்கும். தூசும் அப்படித்தான்: நட்சத்திரத்தின் ஒளியை விழுங்கிச் சூடாகி, அந்தச் சூட்டை அகச்சிவப்பில் திருப்பி விடும். தூசு ஆவியாகாமல் தாங்கக்கூடிய வெப்பநிலை சுமார் 1500 கெல்வின் வரைக்கும்தான், அதனால் நட்சத்திரத்துக்கு மிகக் கிட்ட இருக்கிற தூசு 2, 3 மைக்ரோனில் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிரகாசிக்கும். தள்ளித் தள்ளிப் போக 10, 25, 60 மைக்ரோன் என்று நீண்டுகொண்டு போகும். வீனின் விதி படித்தவர்களுக்கு இது புதிதில்லை.

ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். டீவி ரிமோட்டின் நுனியைப் போன் கமராவுக்கு நேரே பிடித்துப் பட்டனை அமுக்குங்கள், ஊதா கலந்த வெள்ளையாக மின்னும் (சில போன்களில் பின் கமரா வடிகட்டிவிடும், செல்பி கமராவில் பாருங்கள்). அது 0.94 மைக்ரோன், கண்ணுக்குத் தெரியாத ஆனால் சிலிக்கன் சென்சருக்குத் தெரிகிற அகச்சிவப்பு. நமக்கு வேண்டிய 10 மைக்ரோன் அந்தக் கமராவுக்கும் தெரியாது. அந்த நீளத்தில் நம் உடம்பே ஒளிர்கிறது, தொலைநோக்கியின் குழாய் ஒளிர்கிறது, காற்று ஒளிர்கிறது; பட்டப்பகலில் வெள்ளி பார்க்கிற நிலைமைதான் இரவெல்லாம். அதோடு காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்பின் பல பகுதிகளை மறித்துவிடும். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் நாங்கள், கச்சான் காற்று வீசுகிற மாதங்களில்கூட ஈரம் விடாத ஊர் இது. அதனால்தான் பெரிய தொலைநோக்கிகளை 4200 மீற்றர் உயரத்தில் ஹவாயின் மௌனா கேயாவிலும், 2600 மீற்றரில் சிலியின் பரனாலிலும் கொண்டுபோய் வைத்தார்கள், மிச்சத்தை விண்வெளிக்கே அனுப்பினார்கள்.

விண்வெளிக்குப் போனவற்றில் மூன்று பெயர்களை மனதில் வையுங்கள். ஐராஸ் 1983 ஜனவரியில் ஏவப்பட்டது, கூடவே கொண்டுபோன திரவ ஹீலியம் தீரும்வரை சுமார் பத்து மாதம் வேலை செய்து 12, 25, 60, 100 மைக்ரோனில் வானத்தின் பெரும்பகுதியை அளந்தது. வைஸ் 2010இல் 3.4, 4.6, 12, 22 மைக்ரோனில் முழு வானத்தையும் அளந்தது. மூன்றாவது ஜேம்ஸ் வெப், 2021 டிசம்பர் 25இல் ஏவப்பட்டது. இவற்றோடு தரையிலிருந்து எடுத்த டூமாஸ் கணக்கெடுப்பையும் சேருங்கள்: 1997 முதல் 2001 வரை, ஜே, எச், கே என்ற மூன்று கிட்டிய அகச்சிவப்புப் பட்டைகள். வெப் எடுத்த படங்கள் கண்ணைக் கவரும், ஆனால் தொடக்கத்திலேயே அதற்குப் போகவேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். ஐராஸின் நாலு எண்கள் ஒரு வட்டைப் பற்றிச் சொல்வதை முதலில் கேட்கப் பழகவேண்டும்.

இரண்டு நட்சத்திரங்களைத் தெரிவு செய்யுங்கள்

ஒன்றை மட்டும் எடுத்தால் எதையும் புரிந்துகொள்ள முடியாது. பக்கத்தில் வைத்து ஒப்பிட இன்னொன்று வேண்டும். என் சிபாரிசு இந்தச் சோடி: யூ மொனோசெரோட்டிஸ், எச்டி 161796.

யூ மொனோசெரோட்டிஸ் ஆர்வி டோரி என்ற வகை மாறொளி நட்சத்திரம், அதாவது பிரகாசம் ஏறி இறங்குகிற நட்சத்திரம். துணையோடு சுமார் ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது, இரண்டையும் சேர்த்துத் தூசு வட்டு சூழ்ந்திருக்கிறது. எச்டி 161796 ஹெர்குலிஸ் நட்சத்திரக் கூட்டத்தின் பக்கம் இருக்கிறது, இதுவும் சாகும் தறுவாயில் உள்ள நட்சத்திரம்தான், ஆனால் அதைச் சுற்றி இருப்பது வட்டு இல்லை. எப்போதோ வீசி, நட்சத்திரத்தை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிற ஒரு கூடு. இந்த இரண்டின் வரைபுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிறகு எந்த நட்சத்திரத்தைக் கொடுத்தாலும் "இது வட்டா, கூடா" என்று ஓரளவு சொல்லத் தெரிந்துவிடும்.

ஏசி ஹெர்குலிஸ் என்ற பெயரும் தேடும்போது அடிக்கடி வரும். அதிலும் வட்டு உண்டு, ஆனால் அதன் உள் ஓரம் நட்சத்திரத்திலிருந்து வெகுதூரம் தள்ளி இருப்பதால் சூடான தூசு குறைவு, கிட்டிய அகச்சிவப்பில் பெரிதாக ஒன்றும் தெரியாது. முதல் தடவையிலேயே அதை எடுத்தால் குழம்பிப்போவீர்கள். கைபழகிய பிறகு அதற்கு வாருங்கள், அப்போது அது சுவாரசியமான ஆள்: நடுவில் ஏன் அவ்வளவு பெரிய வெற்றிடம், கோள் ஏதும் அங்கே தூசைத் துடைத்துவிட்டதா என்ற கேள்வி அந்த வகை வட்டுகளைப் பற்றித்தான் எழுந்திருக்கிறது.

எண்களை எடுப்பது

பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் உள்ள வானியல் தரவு மையம் சிம்பாட், விசியர் என்று இரண்டு தளங்களை நடத்துகிறது. காசு இல்லை, பதிவும் தேவையில்லை. சிம்பாட்டில் நட்சத்திரத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் போடுங்கள்: யூ, ஓர் இடைவெளி, பிறகு எம் ஓ என். நட்சத்திரத்தின் இடம், வகை, கண்ணொளிப் பட்டையான வி மேக்னிடியூட் (பிரகாசத்தின் அளவு, எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்), வேறு பெயர்கள் எல்லாம் வரும். வேறு பெயர்களில் ஐராஸ் என்று தொடங்குவதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் விசியர். இதில் ஆயிரக்கணக்கான பட்டியல்கள் இருப்பதால் தலை சுற்றும், உங்களுக்குத் தேவை மூன்றே மூன்று. ரோமன் இரண்டு போட்டுச் சாய்கோடு போட்டு 246 என்றால் டூமாஸ், அதே மாதிரி 125 ஐராஸ், 328 வைஸ். பட்டியலைத் திறந்து நட்சத்திரத்தின் பெயரையும் தேடும் ஆரத்தையும் கொடுக்கவேண்டும். டூமாஸுக்கும் வைஸுக்கும் 5 ஆர்க்செக்கன் (ஒரு ஆர்க்செக்கன் பாகையின் 3600இல் ஒரு பங்கு) போதும். ஐராஸுக்கு ஒரு ஆர்க்மினிட் (பாகையின் 60இல் ஒரு பங்கு) கொடுங்கள், அதன் பார்வை அவ்வளவு மங்கல்.

விசியரிலேயே ஒரு நட்சத்திரத்தின் எல்லா அளவீட்டையும் தானாக எடுத்து வரைபாகக் காட்டுகிற வசதியும் இருக்கிறது. அதை முதலில் திறக்காதீர்கள். கையால் ஒருமுறை வரையாதவர் அந்தப் படத்தில் சிதறிக் கிடக்கும் புள்ளிகளில் எது உண்மை எது குப்பை என்று பிரிக்கமாட்டார்.

எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிற தரக் குறியைப் பார்க்காமல் எதையும் எழுதவேண்டாம். ஐராஸில் 3 என்றால் நல்ல அளவீடு, 2 என்றால் சுமார், 1 என்றால் அது அளவீடே இல்லை, "இதைவிடக் குறைவு" என்ற மேல் எல்லை மட்டும். டூமாஸிலும் வைஸிலும் ஏ நல்லது, யூ என்றால் மேல் எல்லை. 100 மைக்ரோனில் மேல் எல்லையை அளவீடு என்று நினைத்துக் குளிர்ந்த தூசு கண்டுபிடித்துவிட்டேன் என்று குதிப்பது இந்தத் துறையில் மிகப் பழைய வியாதி.

கணக்கு

ஐராஸ் எண்கள் ஜான்ஸ்கி என்ற அலகில் (வந்துசேரும் ஒளியின் அளவைச் சொல்கிற அலகு) நேரடியாகவே இருக்கும், அப்படியே எடுக்கலாம். டூமாஸும் வைஸும் மேக்னிடியூட்டில் தரும், மாற்றவேண்டும். சூத்திரம் ஒன்றுதான்: மேக்னிடியூட்டை 2.5ஆல் வகுத்து, மறைக்குறி போட்டு, 10இன் அடுக்காக்கி, அந்தப் பட்டைக்குரிய பூச்சியப் புள்ளியால் (மேக்னிடியூட் 0 என்றால் எத்தனை ஜான்ஸ்கி என்ற எண்) பெருக்குங்கள். பூச்சியப் புள்ளிகள் ஜான்ஸ்கியில்: ஜே 1594, எச் 1024, கே 666.7, வைஸின் நாலு பட்டைக்கும் வரிசையாக 309.5, 171.8, 31.67, 8.363. கண்ணொளி வி பட்டைக்கு ஏறத்தாழ 3640.

ஒரு கற்பனை நட்சத்திரத்தை வைத்துச் செய்து பார்ப்போம். ஜே மேக்னிடியூட் 10, கே 8.5, வைஸின் மூன்றாம் பட்டையில் 5, நாலாம் பட்டையில் 3. ஜே: 1594ஐ 10இன் மறை 4ஆம் அடுக்கால் பெருக்கினால் 0.159 ஜான்ஸ்கி. கே: 0.265. மூன்றாம் பட்டை: 0.317. நாலாம் பட்டை: 0.528. இப்போது ஒவ்வொன்றையும் அதன் அலைநீளத்தால் வகுங்கள், மைக்ரோனில்: 1.235, 2.16, 12, 22. வருவது 0.129, 0.123, 0.026, 0.024. இப்படி வகுப்பது ஏனென்றால் அப்போதுதான் ஒவ்வோர் அலைநீளப் பகுதியிலும் எவ்வளவு சக்தி வெளியேறுகிறது என்பதை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். நியாயமாக ஒளியின் வேகத்தாலும் பெருக்கவேண்டும், ஆனால் அது எல்லாப் புள்ளிக்கும் பொது மாறிலி, வடிவம் மட்டும் போதும் என்றால் விட்டுவிடலாம்.

தூசே இல்லாத வெறும் நட்சத்திரம் என்றால் என்ன வந்திருக்கும்? எஃப், ஜி வகை நட்சத்திரங்களுக்கு (சூரியனின் சூட்டை ஒட்டியோ சற்றுக் கூடுதலாகவோ உள்ளவை) ஜே மேக்னிடியூட்டுக்கும் வைஸின் மூன்றாம் பட்டைக்கும் இடையில் வித்தியாசம் ஒரு மேக்னிடியூட்டுக்குள் அடங்கும். நம்முடைய கற்பனை நட்சத்திரத்தில் வித்தியாசம் 5. ஒன்றை நட்சத்திரத்துக்கே விட்டுக்கொடுத்தாலும் மிச்சம் 4, அதாவது 12 மைக்ரோனில் எதிர்பார்த்ததைவிட 40 மடங்கு. அந்த 40 மடங்கு நட்சத்திரத்திலிருந்து வரவில்லை.

வரைந்து வாசிப்பது

கிடை அச்சில் அலைநீளத்தின் மடக்கை, நிலை அச்சில் இப்போது கண்ட எண்ணின் மடக்கை. மடக்கைத் தாள் தேடி அலையவேண்டாம், கல்குலேட்டரில் மடக்கை எடுத்துச் சாதாரண வரைபுத்தாளில் குறித்தால் அதே படம்தான். இரண்டு நட்சத்திரங்களுக்கும் ஒரே அளவுத்திட்டத்தில் இரண்டு தாள்.

எச்டி 161796இல் கண்ணொளிப் பக்கம் ஒரு மலை எழும்பி, கே பட்டை தாண்டும்வரை ஒழுங்காக இறங்கி, 12 மைக்ரோனுக்குப் பிறகு திடீரென்று இரண்டாவது மலை எழும்பும். ஐராஸ் எண்களைப் பார்த்தாலே தெரியும், 12இல் சின்னதாக இருப்பது 25இல் பல மடங்காகிறது. இரண்டு மலைக்கும் நடுவில் பள்ளம் இருக்கிறதல்லவா, அந்தப் பள்ளம்தான் செய்தி: நட்சத்திரத்துக்குக் கிட்டச் சூடான தூசு இல்லை, எல்லாம் தள்ளிப் போய்க் குளிர்ந்துவிட்டது. கூடு.

யூ மொனோசெரோட்டிஸில் அந்தப் பள்ளத்தைத் தேடினாலும் கிடைக்காது. கே பட்டையிலிருந்தே மேலதிக ஒளி தொடங்கி 10 மைக்ரோன் தாண்டும்வரை நீண்டு, 12இலிருந்து 100 வரைக்கும் ஜான்ஸ்கி எண்கள் தொடர்ந்து குறைந்துகொண்டே போகும். தூசு ஆவியாகிற எல்லைக்குக் கிட்டவே தூசு இருக்கிறது, அங்கிருந்து வெளிப்பக்கமும் இருக்கிறது. நட்சத்திரம் இப்போது வேகமாகத் தூசு வீசிக்கொண்டிருந்தால் இப்படி வரலாம், ஆனால் இந்த நட்சத்திரங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டியவை. வீசாமலே கிட்டத்தில் சூடான தூசு தங்கி இருக்கவேண்டும் என்றால் அதை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கவேண்டும். நிலையாகச் சுற்றிக்கொண்டிருக்கிற வட்டு என்ற முடிவுக்கு ஆட்கள் இப்படித்தான் வந்தார்கள், கண்ணால் எந்தப் படத்தையும் பார்ப்பதற்கு முன்னால்.

வெப்பநிலை கணக்கிடும்போது ஒரு நுணுக்கம். பாடப்புத்தகத்தில் வீனின் மாறிலி 2898 மைக்ரோன் கெல்வின் என்று இருக்கும். அது அலைநீள அலகுக்குச் சக்தியை வரைந்தால் வருகிற உச்சிக்கு. நாங்கள் வரைந்திருப்பது அதை அலைநீளத்தாலும் பெருக்கிய வடிவம், இங்கே உச்சிக்குரிய மாறிலி சுமார் 3670. ஆகவே 3 மைக்ரோனில் உச்சி என்றால் 1220 கெல்வின். 25 மைக்ரோனில் என்றால் 147 கெல்வின். 2898ஐப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துச் சொல்லிவிடுவீர்கள்.

இன்னொன்றும் அந்தத் தாளிலேயே இருக்கிறது. நட்சத்திர மலையின் பரப்பையும் தூசு மலையின் பரப்பையும் ஒப்பிடுங்கள் (இதற்கு மட்டும் நிலை அச்சை மடக்கை எடுக்காமல் வரையவேண்டும், கட்டம் எண்ணினால் போதும்). தூசு விழுங்கித் திருப்பி விட்ட ஒளி மொத்தத்தில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும். மெல்லிய தகடு மாதிரி இருந்தால் அந்த வட்டின்மேல் நட்சத்திர ஒளி அதிகம் விழாது. பங்கு கணிசமாக வந்தால் வட்டு உயரமாக, தடித்து இருக்கிறது என்று அர்த்தம். வரைபுத்தாளில் கட்டம் எண்ணி, ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தள்ளியிருக்கிற ஒரு வட்டின் தடிப்பைப் பற்றிப் பேச முடிகிறது. எனக்கு இந்த வேலையில் பிடித்த இடம் இதுதான்.

ஏமாறுகிற இடங்கள்

வைஸ், டூமாஸ் இரண்டுக்கும் பிரகாசமான நட்சத்திரம் ஆகாது, சென்சர் நிரம்பி வழிந்துவிடும். வைஸில் முதல் பட்டையில் 8 மேக்னிடியூட்டைவிடவும், இரண்டாவதில் 7ஐவிடவும், மூன்றாவதில் 4ஐவிடவும் பிரகாசமாக இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். யூ மொனோசெரோட்டிஸ் இந்த எல்லையை நன்றாகவே தாண்டும். அதனால்தான் அதற்கு ஐராஸை எடுக்கச் சொன்னேன். வைஸ் கணக்கு நீங்கள் மூன்றாவதாகத் தெரிவு செய்யப்போகிற மங்கலான நட்சத்திரத்துக்குப் பயன்படும்.

அடுத்தது, அளவீடுகள் ஒரே நாளில் எடுத்தவை இல்லை. ஐராஸ் 1983, டூமாஸ் 1990களின் கடைசி, நட்சத்திரமோ மாறொளி. உச்சத்தில் இருக்கும்போது ஒன்றும் மங்கியிருக்கும்போது இன்னொன்றும் அளந்திருந்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. அந்த ஒட்டாத இடத்தில் புதுத் தூசு இருக்கிறது என்று கதை கட்டக்கூடாது. வைஸ் கலம் குளிரூட்டி தீர்ந்த பிறகும் முதல் இரண்டு பட்டைகளில் 2024 வரைக்கும் வேலை செய்தது, அந்தத் தொடர் அளவீடுகள் இதற்குக் கைகொடுக்கும்.

வழியில் கிடக்கிற தூசும் உண்டு. எங்களுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவிலுள்ள விண்வெளித் தூசு நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் மறைக்கும், அதனால் நட்சத்திர மலை உண்மையைவிடத் தணிந்து தெரியும். பால்வீதித் தளத்தில் இருக்கிற மொனோசெரோஸ் நட்சத்திரக் கூட்டத்தின் பக்கத்தில் இது சும்மா விடாது. அதோடு ஐராஸின் பார்வை சில ஆர்க்மினிட் அகலம், பக்கத்தில் ஒரு தூசு மேகம் இருந்தால் அதையும் சேர்த்து அளந்திருக்கும். அலாடின் என்ற வான வரைபடத்தைத் திறந்து வைஸ் 22 மைக்ரோன் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும்.

கண்ணால் செய்யக்கூடிய பங்கு

எண்கள் எல்லாம் இணையத்தில் இருந்தாலும் ஒன்று மட்டும் எப்போதும் பற்றாக்குறை, அதுதான் தொடர்ச்சியான கண் மதிப்பீடு. யூ மொனோசெரோட்டிஸ் 5.5க்கும் 7.7க்கும் இடையில் ஏறி இறங்கும், ஆழமான ஒரு இறக்கம், ஆழம் குறைந்த ஒரு இறக்கம் என்று மாறிமாறி. ஆழமான இரண்டுக்கு இடையில் சுமார் 91 நாள். இதற்கு மேலே ஆறரை ஆண்டுச் சுற்று ஒன்று ஓடுகிறது, வட்டின் ஓரம் நட்சத்திரத்தை மறைக்கிற காலத்தில் முழுத் தாளமும் ஒரு படி மங்கிப்போகும். கண்ணால் பார்த்துக் குறிக்கிற ஒருவர் நேரடியாக ஒரு தூசு வட்டின் நிழலைத்தான் அளக்கிறார்.

இடம் கண்டுபிடிப்பது: மாரி மழை ஓய்ந்து மாசி, பங்குனி மாதங்களில் இரவு ஒன்பது மணிபோல உச்சி வானத்துக்குச் சற்றுத் தெற்கே. சிரியஸ், புரோசியோன் இரண்டும் எல்லோருக்கும் தெரியும். அவற்றுக்குக் கிழக்குப் பக்கமாக 4ஆம் மேக்னிடியூட்டில் ஆல்பா மொனோசெரோட்டிஸ் இருக்கும், அதிலிருந்து மேற்கே இரண்டரைப் பாகை. 10×50 பைனாகுலரில் இரண்டும் ஒரே பார்வையில் விழும்.

அமெரிக்க மாறொளி நட்சத்திர அவதானிகள் சங்கம் ஒப்பீட்டு நட்சத்திரங்களின் மேக்னிடியூட் குறித்த வரைபடத்தைக் கொடுக்கிறது. உங்கள் நட்சத்திரத்தைவிடச் சற்றுப் பிரகாசமான ஒன்றையும் சற்று மங்கலான ஒன்றையும் பிடித்து, நடுவில் எங்கே நிற்கிறது என்று மதிப்பிட்டால் வேலை முடிந்தது. நேரத்தை உலக நேரத்தில் எழுதவேண்டும், எங்கள் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் கழியுங்கள். இங்கே இரவு 8.30 என்றால் 15.00. சிவப்பு நட்சத்திரத்தை நெடுநேரம் முறைத்துப் பார்த்தால் பிரகாசமாகத் தெரியத் தொடங்கும், சட்டென்று பார்த்துக் கண்ணை எடுங்கள். போயாவுக்கு லீவு கிடைக்கும், ஆனால் வானம் பார்க்க அதைவிட மோசமான இரவு இல்லை.

எல்2 பப்பிஸ் என்பதையும் கட்டாயம் சேருங்கள். பூமிக்குச் சுமார் 200 ஒளியாண்டில், ஓரம் எங்களைப் பார்த்திருக்கிற தூசு வட்டுடைய நட்சத்திரம். பியேர் கெர்வெல்லாவின் குழு பரனாலில் உள்ள பெரிய தொலைநோக்கியால் அந்த வட்டைப் படமே எடுத்திருக்கிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு அது அடிவானத்துக்குக் கீழே. எங்களுக்கு மாசி மாதத்தில் தெற்கே 38 பாகை உயரத்தில், அகத்திய நட்சத்திரத்துக்கு வடகிழக்கே நிற்கும். கல்லடிக் கடற்கரையில் நின்றால் தெற்கே காத்தான்குடி வெளிச்சம் இடிக்கும். திருக்கோவிலுக்கு அங்கால், பொத்துவில் பக்கம் போக முடிந்தால் வானம் வேறு மாதிரி. இங்கினியாகலைப் பக்கம் இருட்டு இன்னும் நல்லது, ஆனால் யானை நடமாட்டம் உள்ள இடத்தில் தனியாக நின்று நட்சத்திரம் பார்க்கப் போகாதீர்கள், அந்த ஊர் ஆட்களைக் கேட்டுக்கொண்டு, வளவுக்குள் நின்று பாருங்கள்.

இதற்கு அங்கால்

இரண்டு வரைபும் ஒழுங்காக வந்துவிட்டால் அடுத்தது நிறமாலை. 10, 18 மைக்ரோனுக்குக் கிட்ட வருகிற அகலமான மேடு சிலிக்கேற்று. 11.3, 33.6 மைக்ரோன்களில் கூர்மையான முனைகள் தெரிந்தால் பளிங்குருவான ஒலிவீன் வகை, தூசு நீண்ட காலம் ஒரே இடத்தில் இருந்து பதப்பட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். வட்டு உள்ளவற்றில் இது தூக்கலாக வரும். 11.3இல் மட்டும் அவசரப்படாதீர்கள், சிலிக்கன் காபைட்டும் பல்வளைய ஐதரோகாபனும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும். சிவப்புச் செவ்வகம் எனப்படும் எச்டி 44179இல் இரண்டு குடும்பமும் ஒன்றாக இருக்கின்றன: வட்டில் ஒட்சிசன் வகைத் தூசு, வெளியே ஓடுகிற பொருளில் காபன் வகை.

நட்சத்திரத்தின் சொந்த ஒளியிலும் வட்டின் கைரேகை கிடக்கும். இரும்பு போல எளிதில் தூசாகிறவை வட்டிலேயே தங்கிவிட, தூசாகாத வாயு மட்டும் திரும்ப நட்சத்திரத்தில் விழும். அதனால் மேற்பரப்பில் இரும்பு குறைந்தும் நாகம், கந்தகம் இயல்பாகவும் காணப்படும்.

படமாகவே பார்க்க ஆசையென்றால் 2016இல் பரனாலின் நான்கு தொலைநோக்கிகளின் ஒளியைச் சேர்த்து எடுத்த ஐராஸ் 08544-4431 படத்தைத் தேடுங்கள், சுமார் 4000 ஒளியாண்டு தள்ளியிருக்கும் வட்டின் உள் வளையம் தெளிவாகத் தெரியும். வெண்குறளிகளைச் சுற்றிய வட்டு இன்னொரு பெரிய கிளை: 1987இல் வானியலாளர்கள் சக்கர்மனும் பெக்லினும் ஜி29-38 என்ற வெண்குறளியில் மேலதிக அகச்சிவப்பைக் கண்டார்கள்; நட்சத்திரம் விட்ட தூசு அது இல்லை, கிட்ட வந்து ஈர்ப்பில் நொறுங்கிய சிறுகோள்களின் தூள் என்பதுதான் இப்போதைய விளக்கம். அதற்கும் இதே வரைபுதான், இதே கணக்குத்தான்.

கணக்கில் எங்காவது சிக்கினால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்திலும் பௌதிகவியல் படிப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெறுங்கையோடு போகாமல் வரைந்த இரண்டு தாளையும் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். மொறட்டுவையில் ஆதர் சி கிளார்க் நிறுவனத்தில் ஜப்பான் கொடுத்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி ஒன்றும் இருக்கிறது, பார்க்கப் போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டு அனுமதி எடுத்துக்கொண்டு போங்கள்.